கடலோர மேடையும் கனத்த நாதமும்

ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும் நாள் தொடங்கி, மார்கழிக் குளிரில் மாமல்லபுரத்தில் தமிழ்நாடு அரசின் சுற்றுலாத் துறை நடத்தும் நாட்டிய விழாவும், மாசி மகத்தன்று அதே ஊர்க் கடற்கரை மணலில் இருளர் குடும்பங்கள் பல ஊர்களிலிருந்தும் வந்து கூடும் திருநாளும், திருக்கழுக்குன்றத்துச் சித்திரை உற்சவமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகிற வரையில், செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒலிபெருக்கி ஓய்ந்திருக்கும் வாரம் ஒன்றைக் காண்பது அரிது. இவை போதாவென்று, கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து விடுதிகளிலும் தோட்ட வீடுகளிலும் நடக்கும் கலியாண வரவேற்புகள் வேறு இருக்கின்றன. இந்த வைபவங்களுக்கெல்லாம் மினி லாரியில் வந்து இறங்கும் சாமான்களில், ஒரு தலைமுறைக்கு முன் இல்லாத விருந்தாளி ஒன்று இப்போது முதலிடம் பிடித்துக்கொண்டிருக்கிறது. இருவர் சேர்ந்தாலொழியத் தூக்க முடியாத அந்தக் கறுப்புப் பெட்டிக்கு சப்வூஃபர் என்று பெயர். சவுண்ட் சர்வீஸ்காரர்கள் அதைப் பேஸ் பாக்ஸ் என்கிறார்கள்.

அந்தப் பெட்டி ஒன்றாக வருவதில்லை. இரண்டாக, நான்காக, சில இடங்களில் எட்டாகவும் வருகிறது. ஆம்ப்ளிஃபயரோ பெரும்பாலும் ஒன்றுதான். அத்தனை பெட்டிகளையும் அந்த ஒன்றின் தலையில் எப்படிக் கட்டுவது என்பது, விழாக் குழுவினருக்கும், புதிதாகத் தொழிலுக்கு வந்த இளைஞருக்கும், வீட்டுக் கூடத்தில் சினிமாக் கொட்டகையை நிர்மாணிக்க ஆசைப்படுகிறவருக்கும் ஒரேவிதமாக எழுகிற கேள்வி. அதற்கு விடை பெட்டிகளின் எண்ணிக்கையில் இல்லை, ஒயரை எந்தக் கிரமத்தில் முடிகிறோம் என்பதில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் சங்கதி.

முன்பெல்லாம் இந்த வித்தை இவ்வளவு சிக்கலாக இருந்ததில்லை. கம்பத்துக்குக் கம்பம் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டி, கோயில் வாசலிலிருந்து ஊர்க்கோடி வரையில் பாட்டைக் கொண்டுபோன காலத்தில், ஒவ்வொரு கூம்போடும் ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். ஆம்ப்ளிஃபயரின் முதுகில் 100 வோல்ட் லைன் என்று ஒரு முனை இருக்கும். 100 வாட் ஆம்ப்ளிஃபயருக்குப் பத்து வாட் கூம்புகள் பத்து என்று வாட்ஸைக் கூட்டிப் பார்த்துவிட்டால் கணக்கு முடிந்தது. அப்படிச் சேர்ந்த பத்துக் கூம்பும் ஆம்ப்ளிஃபயருக்கு 100 ஓம் தடையாகத் தோற்றமளிக்கும். ஒரு சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரை அரைக் கிலோமீட்டர் தூரம் இழுத்தால், போகவர ஆயிரம் மீட்டருக்கு ஒயரின் தடை 17 ஓம் ஆகிறது. நூறுக்குப் பதினேழு என்பதால், எல்லாக் கூம்பும் கடைக்கோடியிலேயே இருந்தாலும், ஒயரில் வீணாவது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். மெல்லிய ஒயரில் ஒரு கிராமத்தையே எழுப்பிவிட்ட அந்தப் பழைய மைக் செட்டின் ரகசியம் இதுவே.

ஆனால் கூம்புக்குத் தாழ்ந்த நாதம் சொல்ல வராது. தவிலின் தொப்பியிலும் மிருதங்கத்தின் இடந்தலையிலும் பிறக்கிற அடித்தொனியை அது விழுங்கிவிட்டு, மேற்பகுதியை மட்டும் கணீரென்று துப்பும். சிறு டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக் கருவும் அப்படித்தான். வினாடிக்கு நாற்பது அதிர்வுள்ள ஒலியை முழுச் சக்தியோடு தாங்க அதற்குத் திராணி போதாது. 1925-ஆம் ஆண்டில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் இரு அமெரிக்கப் பொறியியலாளர்கள் வெளியிட்ட கம்பிச் சுருள் ஒலிபெருக்கி, அதாவது காந்தத்தின் இடைவெளியில் ஒரு சுருள் முன்னும் பின்னும் அசைந்து காகிதக் கூம்பைத் தள்ளுகிற அமைப்பு, இன்றைய பேஸ் பெட்டிக்கும் மூலாதாரம். பதினெட்டு அங்குலக் கோனாக அது பருத்திருக்கிறதே தவிர, தத்துவம் மாறவில்லை. வினாடிக்கு முப்பது, நாற்பது என்று தொடங்கி நூறு அதிர்வு வரையில் உள்ள ஒலிகளை மட்டும் தனியே பிரித்து இப்பெட்டிக்குக் கொடுக்கிறார்கள். 1974-இல் வெளியான 'எர்த்க்வேக்' என்ற ஹாலிவுட் படத்துக்காக, பூகம்பக் காட்சியில் நாற்காலியோடு நெஞ்சும் அதிரும்படி பெரும் பேஸ் பெட்டிகளைக் கொட்டகைகளில் நிறுவினார்கள். காதால் கேட்பது போய் உடம்பால் கேட்கிற பழக்கம் உலகுக்கு அப்போது பரவலாக அறிமுகமாயிற்று. நம் திருவிழாக்களுக்கு அந்தச் சுகம் புதிதன்று என்பதைப் பறையடிக்கும் இடத்தில் பக்கத்தில் நின்றவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

இனி ஒயருக்கு வருவோம். பேஸ் பெட்டியின் முதுகில் 8 ஓம் என்றோ 4 ஓம் என்றோ எழுதியிருக்கும். மின்னோட்டத்துக்கு அந்தச் சுருள் காட்டும் எதிர்ப்பின் அளவு அது. கொலோன் நகரத்துப் பள்ளி ஆசிரியரான கியோர்க் ஓம் 1827-இல் வெளியிட்ட விதியின்படி, வோல்டேஜைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம் வருகிறது. தடை குறையக் குறைய ஓட்டம் கூடும். ஒரு பெட்டியின் கறுப்பு முனையை அடுத்த பெட்டியின் சிவப்பில் சேர்த்துச் சங்கிலியாகக் கட்டுவது தொடர் இணைப்பு; இதில் தடைகள் கூடும், 8-ம் 8-ம் 16 ஆகும். சிவப்பெல்லாம் ஒன்றாகவும் கறுப்பெல்லாம் ஒன்றாகவும் முடிவது பக்க இணைப்பு. இதில் தடை வகுபடும், இரண்டு 8 ஓம் பெட்டிகள் 4 ஓமாகவும், மூன்று 2.67 ஓமாகவும், நான்கு 2 ஓமாகவும் ஆகிவிடும். மதுராந்தகம் ஏரிக்கரையில் மதகுகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகத் திறந்தால் வெளியேறும் நீர் பெருகுவதும், ஒரே கால்வாயில் ஒரு மதகுக்குப் பின் இன்னொரு மதகை வைத்தால் நீர் சுருங்குவதும் இதே நியாயத்தினால்தான்.

இங்கேதான் விபரீதம் ஆரம்பமாகிறது. கடையில் வாங்கும் பேஸ் பெட்டிகளின் பின்புறத்தில் இரண்டு சாக்கெட்டுகள் இருக்கும். ஒன்றில் ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் ஒயரைச் செருகி, மற்றதிலிருந்து அடுத்த பெட்டிக்கு ஒரு லிங்க் ஒயரைப் போட்டுக்கொண்டே போகலாம். பார்வைக்கு அது சங்கிலிபோலத் தோன்றினாலும், உள்ளே நடப்பது பக்க இணைப்பேயாகும். விழாக் குழுத் தலைவர் மேடைக்குக் கீழே வந்து நின்று, "தம்பி, போன வருஷத்தைவிடக் கொஞ்சம் தூக்கலா இருக்கணும், இன்னும் ரெண்டு பாக்ஸ் போடுப்பா" என்று சொல்ல, தம்பியும் மறுக்க மாட்டாமல் இரண்டு லிங்க் ஒயரை மாட்டிவிட, 4 ஓமில் நிம்மதியாக இயங்கிக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு வழி, அதாவது சேனல், ஒரு நொடியில் 2 ஓமுக்கு இறங்கிவிடுகிறது. ஆம்ப்ளிஃபயரின் வெளியீடு 63 வோல்ட் என்று வைத்துக்கொண்டு பார்த்தால், 8 ஓமில் 8 ஆம்பியராக இருந்த ஓட்டம் 4 ஓமில் 16, 2 ஓமில் 32. சக்தியோ 500 வாட், 1000 வாட், 2000 வாட். காகிதத்தில் இது மகா லாபம்போல இருக்கிறது. ஆனால் ஆம்ப்ளிஃபயருக்குள்ளிருக்கும் டிரான்சிஸ்டர்களும் மின்வழங்கியும் அந்த ஓட்டத்தைக் கொடுக்கத் தகுதி பெற்றவையா என்பதை அதன் முதுகிலுள்ள எழுத்துதான் சொல்ல வேண்டும். குறைந்தபட்சம் 4 ஓம் என்று அங்கே எழுதியிருந்தால் அது வெறும் யோசனையன்று, எல்லைக்கல்.

எல்லையை மீறினால் என்ன ஆகும் என்பது ஆம்ப்ளிஃபயரின் குலத்தைப் பொறுத்தது. நல்ல குலமாக இருந்தால், சூடு ஏறியவுடன் பாதுகாப்புச் சுற்று வேலை செய்து, வள்ளியும் தெய்வானையும் வாதாடுகிற கட்டத்தில் சப்தத்தை நிறுத்திவிட்டு, ஆறியபின் மறுபடி பேசும். பாதுகாப்பில்லாத உள்ளூர்ச் சரக்காக இருந்தால் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி, இசைக்குப் பதிலாக நேர்மின்சாரம் முழுவதும் பெட்டிக்குப் பாய்ந்து, சுருள் புகைந்து, "காயில் போயிடுச்சு" என்ற துக்கச் செய்தியோடு மறுநாள் யாராவது சென்னை ரிச்சி தெருவுக்குப் பஸ் ஏறவேண்டியிருக்கும். கூலி குறைவு, வாடகையும் குறைவு. ஒரு பதினெட்டு அங்குலக் கோனைப் பழுதுபார்க்கும் செலவில் அந்த விழாவின் வரும்படி கரைந்துபோவதைத் தொழிலில் இருப்பவர்கள் நன்றாக அறிவார்கள்.

அப்படியானால் நான்கு பெட்டி வைக்கவே கூடாதா என்றால், தாராளமாக வைக்கலாம். அதற்கு உபாயம் இருக்கிறது. இரண்டிரண்டு பெட்டிகளைத் தொடராகக் கட்டினால் 16 ஓம் உள்ள ஜோடிகள் இரண்டு கிடைக்கின்றன. அந்த இரு ஜோடிகளையும் பக்க இணைப்பாகச் சேர்த்தால் மொத்தம் மறுபடியும் 8 ஓம். நான்கு பெட்டிகள் இருக்கின்றன என்பதே ஆம்ப்ளிஃபயருக்குத் தெரியாது. ஒரே ஒரு பெட்டியைத்தான் சுமக்கிறோம் என்று அது எண்ணிக்கொண்டிருக்கும். அதே சக்தி நான்காகப் பங்கிடப்படுவதால் ஒவ்வொரு பெட்டிக்கும் கால் பங்குதானே கிடைக்கிறது, இதில் லாபமென்ன என்று கேட்கத் தோன்றும். இதை வெறும் பங்கீட்டுக் கணக்கென்றே நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறேன்: நான்கு பெட்டிகளையும் நெருக்கமாக அடுக்கிவைத்தால், அவை ஒரே மூச்சில் காற்றைத் தள்ளுகின்றன, அந்த ஒற்றுமையின் பயனாக, மொத்தச் சக்தி கூடாமலேயே சப்தம் 6 டெசிபல் உயர்கிறது. நாலு மடங்கு சக்தி வாய்ந்த ஆம்ப்ளிஃபயரை வாங்கி ஒரே பெட்டியை முழக்கினால் என்ன கிடைக்குமோ அது இலவசமாகக் கிடைக்கிறது. சுருள்களும் கால் பங்குச் சூட்டோடு குளிர்ந்திருக்கின்றன. பேராசைக்கு 2 ஓமும் பொறுமைக்கு 8 ஓமும் என்று இருக்கும்போது, ஊர் விழாவுக்கு நான் பொறுமையின் பக்கமே நிற்பேன்.

இந்த உபாயத்துக்கும் நிபந்தனைகள் உண்டு. நான்கும் ஒரே ஜாதிப் பெட்டிகளாக இருக்கவேண்டும். வேறு வேறு கம்பெனிச் சரக்கைத் தொடராகக் கட்டினால் வோல்டேஜ் சமமாகப் பங்கிடப்படாது, ஒன்று முழங்க மற்றொன்று முனகும். ஒரு சுருள் அறுந்தால் அதன் ஜோடியும் சேர்ந்து மௌனமாகும். சாதாரண லிங்க் ஒயரால் தொடர் இணைப்பு வராதாகையால், அதற்கென்று தனியே ஒயர் முடிந்து, மேலே அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். பெரிய நிகழ்ச்சிகளில் இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாமென்று, சேனலுக்கு இரண்டு 8 ஓம் பெட்டிகள் வீதம் 4 ஓமில் நிறுத்திக்கொண்டு, பெட்டி கூடினால் ஆம்ப்ளிஃபயரையும் கூட்டுகிறார்கள். அது உத்தமம், பணம் இருந்தால். பிரிட்ஜ் முறையில் இரு சேனல்களையும் இணைத்து ஒன்றாக்கி ஓட்டுகிறவர்கள் மட்டும் இன்னொரு சூட்சுமத்தை நினைவில் கொள்ளவேண்டும்: அப்போது 4 ஓம் பெட்டியானது ஒவ்வொரு சேனலுக்கும் 2 ஓமாகவே தோன்றும்.

ஒரு பெட்டி எத்தனை ஓம் என்பது அழிந்துபோயிருந்தால், மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கலாம். 8 ஓம் பெட்டி மீட்டரில் ஆறு அளவில்தான் காட்டும். 4 ஓம் பெட்டி மூன்று, மூன்றரை காட்டும். மீட்டர் நேர்மின்சாரத்தைக் கொண்டு அளக்கிறது, இசையோ மாறுமின்சாரம். வித்தியாசம் அதனால் வருவது, பெட்டியின் குறையன்று.

ஒயரின் பருமனைப்பற்றி இரக்கமில்லாமல் கறாராக இருக்கவேண்டும். கூம்பு யுகத்துப் பழக்கத்தில் மெல்லிய ஒயரைக் கொண்டு பேஸ் பெட்டிக்கு இணைப்புக் கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆம்ப்ளிஃபயரை மணலும் உப்புக்காற்றும் படாத கூடாரத்தில் வைத்துவிட்டு, முப்பது மீட்டர் தூரத்திலுள்ள மேடைக்கு இரண்டரைச் சதுர மில்லிமீட்டர் ஒயரை இழுத்தாலும், போகவர அறுபது மீட்டருக்கு 0.4 ஓம் சேர்ந்துவிடுகிறது. 8 ஓம் சுமைக்கு அது நூற்றில் ஐந்து பங்கு நஷ்டம். 2 ஓம் சுமைக்கோ நூற்றில் பதினேழு. அதிகச் சப்தத்துக்கு ஆசைப்பட்டு 2 ஓமில் கட்டியவர், அதில் ஆறில் ஒரு பங்கை ஒயரைச் சூடாக்கவே செலவிடுகிறார். இன்னொன்றும் சொல்லவேண்டும்: 1000 வாட் ஆம்ப்ளிஃபயர் 8 ஓம் பெட்டிக்கு அனுப்புவது 89 வோல்ட். ஈர மணலில் வெறுங்காலோடு நடக்கும் இடத்தில், தோல் உரிந்த ஸ்பீக்கர் ஒயர் என்பது விளையாட்டுப் பொருளன்று.

கடலோரத்துக்கென்றே உரிய கஷ்டம் உப்பு. மாமல்லபுரத்திலும் கோவளத்திலும் ஒரு பருவம் உழைத்த இணைப்பு முனைகளைக் கழற்றிப் பார்த்தால் பச்சைக் களிம்பு படிந்திருக்கும்; அந்தக் களிம்பும் ஒரு தடையே. முறுக்கிவிட்ட வெறும் ஒயரைவிடப் பூட்டிக்கொள்ளும் வட்டச் சாக்கெட்டுகள் இங்கே அவசியமாவது இதனால்தான். அவசரத்தில் சிவப்பும் கறுப்பும் மாறிப்போவது மற்றொரு சங்கடம். அடுத்தடுத்து வைத்த இரு பெட்டிகளில் ஒன்று தலைகீழாக இணைக்கப்பட்டால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். இரு கோனும் மும்முரமாக ஆடிக்கொண்டிருக்க, கேட்பவர் காதில் பேஸ் என்பதே இராது. ஆம்ப்ளிஃபயரைப் பழித்துக் கொண்டிருப்பதற்கு முன், இணைப்பைக் கழற்றிவிட்டு, ஒன்றரை வோல்ட் பேட்டரியின் நேர்முனையைச் சிவப்பிலும் எதிர்முனையைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட்டுப் பார்த்தால் உண்மை பிரத்தியட்சமாகிவிடும்: கோன் முன்னால் வந்தால் சரி, பின்னால் போனால் உள்ளே ஒயர் மாறியிருக்கிறது.

மேடையின் இரு பக்கமும் சமமாகப் பெட்டிகளைப் பிரித்து வைப்பது கண்ணுக்கு அழகு. காதுக்கு அவ்வளவு நல்லதல்ல. வினாடிக்கு அறுபது அதிர்வுள்ள ஒலியின் அலை ஏறக்குறைய ஆறு மீட்டர் நீளமுடையது. வலப்பக்கத்துப் பெட்டியைவிட இடப்பக்கத்துப் பெட்டி மூன்று மீட்டர் தள்ளியிருக்கிற இடத்தில் உட்கார்ந்தவருக்கு, இரண்டு அலைகளும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டுவிடும். நடுக்கோட்டில் இருப்பவருக்கோ நெஞ்சில் இடி விழும். எல்லாப் பெட்டிகளையும் மேடைக்கு முன்னால் தரையில் நடுவாகச் சேர்த்துவைத்தால், முன்சொன்ன 6 டெசிபல் லாபமும் கிட்டும், இந்த மேடுபள்ளமும் நீங்கும். திறந்த மணல்வெளியில் சுவர் இல்லாததால் எதிரொலித் தொல்லை குறைவு. ஆனால் தாழ்ந்த நாதம் நான்கு திசையிலும் பரவும் சுபாவமுடையதாதலால், பெட்டியைக் கடலை நோக்கித் திருப்பி வைத்துவிட்டோம், ஊருக்குக் கேட்காது என்று எண்ணுவது பேதைமை. மாலையில் கடற்காற்று வீசுகிற திசையும் ஊரை நோக்கியே. பின்பக்கம் போகும் ஒலியைக் குறைக்க, மூன்றில் ஒரு பெட்டியைத் திருப்பி வைத்து, அதற்குச் சற்றுத் தாமதமும் தலைகீழ் இணைப்பும் கொடுத்து அழிக்கிற நவீன முறை உண்டு. அதற்கு அந்தப் பெட்டிக்கென்று தனி ஆம்ப்ளிஃபயர் சேனல் வேண்டும், மற்றவற்றோடு சேர்த்து முடிந்துவிட முடியாது. பின்பக்கத்து ஒலி என்றதும் ஓர் இடம் நினைவுக்கு வருகிறது: மாமல்லபுரத்துக்குச் சுமார் ஐந்து கிலோமீட்டர் வடக்கே சாளுவன்குப்பத்தில், புலிக்குகை என்று வழங்கும் பல்லவர் காலத்துப் பாறைக் குடைவு இருக்கிறது. திறந்தவெளி நிகழ்ச்சிகளுக்கு அது மேடையாகப் பயன்பட்டது என்று சொல்லுவார்கள். அங்கே நின்று பார்த்தால், ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கலைஞனின் முதுகுக்குப் பின்னால் பாறை இருந்தது எவ்வளவு பெரிய சகாயம் என்று விளங்குகிறது.

சட்டத்தின் விஷயம் ஒன்று பாக்கியிருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரையில் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது; குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது எல்லை. அளக்கும் கருவியோ மனிதச் செவியின் போக்கை அனுசரித்துத் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே மதிப்பிடும். வினாடிக்கு ஐம்பது அதிர்வுள்ள ஒலியில் அது ஏறக்குறைய 30 டெசிபலைக் கழித்துவிடுகிறது. அதனால்தான் மீட்டர் சாதுவான எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த தெருவில் ஜன்னல் கண்ணாடியும் அலமாரிப் பாத்திரமும் கடகடவென்று ஆடுகின்றன. மீட்டரைக் காட்டி வழக்காடுவதைக் காட்டிலும், அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வருவது ஒலியமைப்பாளருக்கு அதிகப் பிரயோஜனம் தரும்.

விழாக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். பெட்டிகளை மேடைக்கு முன்னால் நடுவில் வைக்கச் சொன்னேன். நம் ஊர்களில் அந்த இடத்தில்தான் குழந்தைகள் முண்டியடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்தோறும் சப்தம் 6 டெசிபல் வீதம் இறங்கும். பெட்டிக்கு ஒரு மீட்டர் தூரத்திலுள்ள குழந்தையை எட்டு மீட்டருக்கு நகர்த்தினால் அதன் காதுக்கு 18 டெசிபல் மிச்சம். ஆகையால் பெட்டிகளை இறக்கும்போதே இரண்டு கழிகளை நட்டு எட்டு மீட்டரில் ஒரு கயிறு கட்டிவிடுங்கள். அதற்கு அப்பால் குழந்தைகளை உட்கார வையுங்கள்.